நான் கண்ட ஔவை



சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். விழா முடிந்து விடைபெறும் வேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தீர்களே, உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார்?” என்று கேட்டாள். நான் சற்றும் எண்ணிப் பாராமல், “ஔவையார்” என்றேன். “எந்த ஔவையார்?” என்றாள் அந்தப் பெண். “கே. பி. சுந்தராம்பாள் நடித்த ஔவையார்” என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்து விட்டார்கள். வெண்தாடி வைத்த பழைய தலைமையாசிரியர் ஒருவர் திரைப்படத்தில் வந்த பாட்டியைத் தம் ஆசிரியர் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கும் வந்தது. ஆயினும் நான் சொன்னது விளையாட்டுப் பேச்சன்று. அதற்கான காரணத்தை அன்று சொல்ல நேரமில்லை. இன்று சொல்கிறேன்.

எங்கள் தாமிரபரணிக் கரை ஊர்களிலும், தெற்கே நாஞ்சில் நாட்டிலும் ஔவை நோன்பு என்றொரு நோன்பு உண்டு. ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமைகளில் நள்ளிரவில் பெண்கள் மட்டும் கூடி நோற்பது அது. “மறந்தால் மாசி, தப்பினால் தை, அசந்தால் ஆடி” என்று அதற்கு ஒரு வழக்குமொழியே உண்டு. அன்றிரவு ஆண்கள் வீட்டில் இருக்கலாகாது. ஆண் குழந்தைக்கும் அங்கே இடமில்லை. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, ஔவையின் கதையைச் சொல்லி, விடியுமுன் அத்தனையையும் பெண்களே உண்டு முடித்து விடுவார்கள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் ஔவைக்குக் கோயிலே உண்டு.

எனக்கு ஆறு ஏழு வயதில், நோன்பு இரவுகளில் என்னைத் தந்தையாரோடு அடுத்த தெருவுக்கு அனுப்பி விடுவார்கள். திண்ணையில் படுத்தபடி, தாழிட்ட கதவுகளுக்குப் பின்னே ஆச்சி சொல்லிக் கொண்டிருக்கும் கதை எதுவோ என்று ஏங்கிக் கிடப்பேன். மறுநாள் கேட்டால் ஆச்சி வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அதே ஆச்சிதான், எழுத்தறியாத அந்தப் பெண்தான், ஆத்திசூடியை முதலிலிருந்து கடைசி வரை எனக்கு வாய்மொழியாகக் கற்பித்தவள். ஆகவே, ஔவை என்றால் என் சிறு மனத்துக்கு இரண்டு பொருள். பகலில் அறிவுரை சொல்பவள்; இரவில் எனக்குக் காட்டாமல் மறைத்து வைக்கப்படுபவள்.

அந்த ஔவையை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டது 1968ஆம் ஆண்டில். எங்கள் ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயலை ஒட்டிய திடலில் ஒரு சுற்றுப் படக் கொட்டகை வந்து இறங்கியிருந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, கொட்டு முழக்கி, தெருத் தெருவாக நோட்டீசு கொடுத்துச் சென்றார்கள். படம் ‘ஔவையார்’. ஜெமினி நிறுவனத்தார் 1953இல் வெளியிட்டது, எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கியது. பட்டணங்களில் ஓடி முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது எங்கள் கிராமத்துக்கு வந்தது. படமே பார்த்தறியாத ஆச்சி, “ஔவையைப் பார்க்கப் போவோம்” என்று தானே என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள்.

தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்தோம். ஒரே படக்கருவி ஆதலால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. விளக்கு அணைந்தது. இளங்கன்னி ஒருத்தி தனக்குத் திருமணம் வேண்டாமென்று பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெறுகிறாள். நரைத்த தலையும், நெற்றி நிறைந்த நீறும், வெள்ளைச் சேலையும், கையில் கோலுமாகச் சுந்தராம்பாள் திரையில் தோன்றினார். வாய் திறந்து பாடினார்.

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக மேடையில், ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்கும் கடைசி மனிதனுக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் அது. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் முழுதாக, எழுத்துச் சிதையாமல் வந்து விழும். எட்டாம் வகுப்பில் இலக்கண ஆசிரியர் வல்லின மெல்லினங்களைச் சொல்லித் தருமுன்னரே, அவற்றின் வேறுபாட்டை நான் அந்தக் கொட்டகையில் காதால் அறிந்து கொண்டேன்.

படத்தில் யானைக்கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சிக்கு எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தக் கிழவி நடக்கும் நடை. எந்த ஊரிலும் தங்கி விடுவதில்லை. அரசன் முன்னும், உழவன் முன்னும், தெருவில் விளையாடும் சிறுவன் முன்னும் ஒரே குரலில் பேசுகிறாள். தவறு கண்டால் கடிகிறாள். கடிந்த பின் வெறுப்பதில்லை. எங்கள் பள்ளியில் அப்போது பிரம்பு ஓங்கியிருந்த காலம். கடிந்த பின் வெறுக்காத ஆசிரியர் ஒருவர் உலகில் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி.

இடைவேளை விளக்கில் திரும்பிப் பார்த்தேன். ஆச்சி அழுது கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த அம்மா நம்ம செங்கோட்டைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவ, ஐயா” என்று மட்டும் சொன்னாள். அன்று எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு படித்தும் கேட்டும் அறிந்து கொண்டேன்.

கே. பி. என்ற எழுத்துகள் கொடுமுடி பாலாம்பாள் என்பதன் சுருக்கம். காவிரிக் கரைக் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். சிறு பெண்ணாக இருந்தபோது இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றவர். குரலைக் கேட்டவர்கள் அவரை நாடக மேடைக்குக் கொண்டு சேர்த்தார்கள். கும்பகோணத்தில் வேலு நாயரின் குழுவில் நடித்து, பின்னர் இலங்கைக்குச் சென்றார். கொழும்பு மேடையில் அவரோடு இணைந்து நடித்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அந்த எஸ் என்னும் எழுத்து செங்கோட்டையைக் குறிப்பது. மேற்கு மலையடிவாரத்தில், சிற்றாற்றுச் சீமையை ஒட்டிய நம் செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர் கிட்டப்பா. எட்டாத சுருதியை எட்டிப் பிடித்த சாரீரம் அவருடையது. இருவரும் 1927இல் மணம் புரிந்து கொண்டனர். 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் கிட்டப்பா மறைந்தார். பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்த காலம். எனினும் ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் மட்டும் அவர் குரல் எஞ்சியது.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்காக அவரை அழைத்தபோது, அவர் ஏற்றது நந்தனார் வேடத்தையே. வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அப்படத்துக்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று நாடெங்கும் பேசப்பட்டது. விடுதலை இயக்க மேடைகளில் பாடினார். 1951இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். அதற்கு இரண்டாண்டு கழித்து ‘ஔவையார்’ வெளிவந்தது. தொண்டு கிழவியாகத் தோன்றிய அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ நாற்பத்தைந்து.

என் ஆச்சியும் இருபத்து நான்கு வயதில் வெள்ளை உடுத்தியவள். ஊரில் திருமணம் என்றால் பின்கட்டில் நின்றுகொள்வாள். நல்ல காரியத்துக்குப் புறப்படுபவர் எதிரில் வர அஞ்சுவாள். அப்படிப்பட்டவள், தன்னைப் போலவே வெள்ளை உடுத்த ஒருத்தி ஊர் நடுவே நிமிர்ந்து நடப்பதையும், அரசர்கள் எழுந்து வழிவிடுவதையும் அன்று கண்டாள். அந்தக் கண்ணீரின் பொருள் எனக்கு விளங்க முப்பது வயதாயிற்று.

கொட்டகையிலிருந்து திரும்பிய மறுநாள் ஓர் அஞ்சலட்டை வாங்கி, பாட்டி நலமா என்று தொடங்கி நாலு வரி எழுதி, “ஔவைப் பாட்டி, கொடுமுடி” என்று முகவரியும் எழுதினேன். ஆச்சி அதைக் கேட்டுச் சிரித்தாள். “ஔவை ஊர் ஊராப் போறவ. அவளுக்கு எந்த ஊருன்னு எழுதுவே?” என்றாள். அஞ்சலட்டை பெட்டிக்குள் போகவில்லை. நெடுநாள் என் புத்தகத்தில் இருந்து எங்கோ மறைந்தது. இது சிறுபிள்ளைத்தனம் என்று நீங்கள் எண்ணலாம். இலண்டன் மாநகரில் பேக்கர் தெருவில் வாழ்ந்ததாகக் கதையில் வரும் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்சுக்கு, உலகின் பல மூலைகளிலிருந்தும் பெரியவர்களே கடிதம் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களுக்கு மறுமொழி எழுத ஒரு நிறுவனம் தனி ஆளையே அமர்த்தியிருந்தது. கற்பனையில் பிறந்தவர்களிடம் அன்பு வைப்பது மனித இயற்கை.

எனக்கு அந்த அன்பு ஒருமுறை ஆட்டம் கண்டது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் ஔவையாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சங்க நூல்களில் ஐம்பத்தொன்பது பாடல்கள் பாடிய ஔவை ஒருவர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர்; அவனிடமிருந்து நெல்லிக்கனி பெற்றவர்; தொண்டைமானிடம் தூது சென்றவர். அவர் கிழவி என்பதற்குச் சான்று இல்லை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டு கழித்துச் சோழர் காலத்தில் வாழ்ந்த வேறொருவர். பிள்ளையாரிடம் முதுமை வேண்டிப் பெற்ற கன்னியோ கதைகளில் மட்டும் வாழ்பவர். இப்படி வகுத்து விளக்கினார். சொன்ன ஒவ்வொன்றும் முறையானது. ஆனால் எனக்கு, யாரோ என் ஆச்சியை என்னிடமிருந்து பிடுங்கிக் கொண்டது போலிருந்தது. நான் கண்ட ஔவை எந்தக் காலத்திலும் வாழ்ந்தவள் அல்லள். பல காலத்துப் பெண்களை ஒரே சேலையில் சுற்றி உருவாக்கிய பாத்திரம் அவள். இத்தனை நாள் ஒரு நிழலையா வணங்கினேன் என்று வெட்கினேன்.

அதே காலத்தில்தான், 1980இல், சுந்தராம்பாள் அம்மையார் மறைந்தார். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஆச்சியிடம் அதைச் சொன்னேன். தளர்ந்து போயிருந்த ஆச்சி சற்று நேரம் கண்ணை மூடி இருந்து விட்டு, “கொடுமுடி அம்மா போயிட்டாளா, பாவம்” என்றாள். பிறகு, “ஔவை போக மாட்டா. நெல்லிக்கனி தின்னவளுக்கு ஏது சாவு?” என்றாள். நடிகையையும் பாத்திரத்தையும் பிரித்தறிய அவளுக்கு விரிவுரை எதுவும் தேவைப்படவில்லை. மறைந்தவருக்காக வருந்தினாள், மறையாதவளை வைத்துக் கொண்டாள்.

உண்மையில் ஔவை என்ற பாத்திரத்துக்கு அந்த ஓர் உடல் மட்டுமே இருந்ததில்லை. சுந்தராம்பாளுக்கு முன்னரே நாடக மேடையில் ஔவையாராகத் தோன்றிப் புகழ் பெற்றவர் ஓர் ஆடவர், டி. கே. சண்முகம். 1912இல் பிறந்து, சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுவில் பயின்றவர் அவர். முப்பது வயதை ஒட்டிய அந்த இளைஞர் கூன் விழுந்த மூதாட்டியாக மேடையில் நடந்தார். பாத்திரம் அவரோடு ஒட்டிக்கொண்டு, ‘ஔவை’ சண்முகம் என்பதே அவர் பெயராயிற்று. சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவனாகப் பயின்ற கமலகாசன் 1996இல் தாம் பெண் வேடம் புனைந்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்ததில் அந்த நினைவு இருக்கிறது. மேல்நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. ஜேம்ஸ் ஹில்டன் என்பார் 1934இல் சிப்ஸ் என்னும் முதிய பள்ளி ஆசிரியரைப் பற்றி ஒரு சிறு நாவல் எழுதினார். 1939இல் அது படமானபோது, முப்பத்து நான்கு வயது ராபர்ட் டோனாட் எண்பது வயதைக் கடந்த ஆசிரியராக நடித்து ஆஸ்கார் விருது பெற்றார். வாழ்ந்திராத ஓர் ஆசிரியரை எண்ணித் தம் ஆசிரியரை நினைத்துக் கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

இவையெல்லாம் நூலறிவு. நான் ஔவையிடம் உண்மையாகவே பாடம் கேட்டது வேறொரு சமயத்தில். அதைச் சொல்ல எனக்கு இன்றும் நாணம் உண்டு. ஆயினும் மாணவர்கள் கேட்கும் பேச்சில் அதை மறைப்பது முறையாகாது.

ஆசிரியப் பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட ஒரு கரை ஊரில் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக் கொண்டிருந்தேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலை அடுத்துக் கடலில் கலக்கும் தாமிரபரணியைக் கரும்பலகையில் வரைந்தேன். புத்தகத்தைப் பாராமல் வரைய வேண்டும் என்ற பெருமை எனக்கு. கடனா நதி திருப்புடைமருதூரில் வந்து சேர்வதைச் சரியாகக் குறித்தேன். அந்த வேகத்திலேயே, சற்றுக் கீழே, திருநெல்வேலி நகருக்கு மேற்கே சிற்றாற்றையும் கொண்டு வந்து சேர்த்து விட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். வாத்து மேய்ப்பவர் மகன். பாதி நாள் பள்ளிக்கு வருவான். அறுவடைக் காலங்களில் தந்தையோடு வாத்துக் கிடைக்குப் போய் விடுவான். “சார், சிற்றாறு அங்கன சேராது. திருநெல்வேலி தாண்டி, சீவலப்பேரியில சேரும். நான் பாத்திருக்கேன்” என்றான். வகுப்பு சிரித்தது. அவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்தா என்று நான் ஆராயவில்லை. “வாத்து மேய்க்கிறவன் எனக்கு வரைபடம் சொல்லித் தருகிறாயோ?” என்று சொல்லிப் பிரம்பை எடுத்தேன். இரண்டு அடி. அவன் அழவில்லை. கையை மடக்கிக் கொண்டு அமர்ந்தான். மாலையில் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சிற்றாறு சீவலப்பேரியில்தான் சேர்கிறது.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பிசான அறுவடை தொடங்கி விட்டது, கிடைக்குப் போயிருப்பான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லி என்னைத் தேற்றிக் கொண்டேன். அவன் வந்ததும் வகுப்பில் படத்தைத் திருத்தி விடலாம் என்று எண்ணினேன். அவன் வரும்வரை திருத்தாமல் இருந்ததுதான் என் குற்றத்தின் இரண்டாம் பகுதி.

பங்குனியில் அந்த ஊரில் அம்மன் கோயில் கொடை. இரவு, வேட்டியை இழுத்துக் கட்டித் ‘திருவிளையாடல்’ படம் போட்டார்கள். ஏ. பி. நாகராசன் 1965இல் எடுத்த படம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் தொடக்கத்திலேயே ஔவை வருகிறாள், நடிப்பவர் சுந்தராம்பாள். மாங்கனி தனக்குக் கிடைக்கவில்லை என்று பாலமுருகன் சினம் கொண்டு வீட்டை விட்டு வெளியேறி மலைமேல் போய் நின்று விடுகிறான். அவனைத் தேடி வரும் ஔவை, உச்சியில் நிற்கும் அந்தச் சிறுவனைப் பாட்டால் தேற்ற முயல்கிறாள். கனி கிடைக்காத பிள்ளையிடம், நீயே கனியல்லவா என்கிறாள்.

பலமுறை பார்த்த காட்சிதான். அன்றிரவு என்னால் அதை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. சினந்து போனவன் சிறுவன். அவனைத் தேடி வருபவள் உலகம் போற்றும் மூதாட்டி. அவன் தானே வரட்டும் என்று அவள் கீழே காத்திருக்கவில்லை. என் ஆச்சி சொன்ன நாவல் மரக் கதையும் உடன் நினைவுக்கு வந்தது. மரத்தின் மேலிருந்த மாடு மேய்க்கும் சிறுவன் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டு ஔவையை மடக்கிய கதை. விழுந்த பழத்தின் மணலை ஊதியபோது, பழம் சுடுகிறதோ என்று அவன் கேட்க, தமிழெல்லாம் கற்றவள் ஓர் இடைச் சிறுவனிடம் தோற்று நின்றாள். தோற்றது தெரிந்ததும் ஒப்புக் கொண்டாள். அந்தச் சிறுவன் யாரென்று அறிந்தாள். எனக்கும் ஒரு சிறுவன் பழம் உதிர்த்தான். நான் பிரம்பை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிளை எடுத்துக் கொண்டு புறப்பட்டேன். திருநெல்வேலி கடந்து, பாளையங்கோட்டை கடந்து, வழியில் விசாரித்துக் கொண்டே சென்றேன். சீவலப்பேரியை அடைந்தபோது வெயில் ஏறி விட்டது. அங்கே இறங்கி ஆற்றைப் பார்த்தேன். வடமேற்கிலிருந்து சிற்றாறு மெலிந்த நீரோடு மணலுக்கிடையே வந்து தாமிரபரணியில் கலந்து கொண்டிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளுக்கு இந்த ஆற்றையே பாடமும் நடத்தியவன் நான். அந்த இடத்தை அன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

அதற்கும் கீழே, மருதூர் அணைப் பக்கம் அறுத்த வயல்களில் அவர்களைக் கண்டேன். நூற்றுக்கணக்கான வாத்துகள் தாளடியில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக் கொண்டிருந்தன. தந்தை பதறி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு, “வாங்க சார்வாள், பய ஏதும் தப்புப் பண்ணிட்டானா?” என்றார். “தப்புப் பண்ணியவன் நான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. பையனை அழைத்து, அவன் தந்தையின் முன்பாகவே, “நீ சொன்னது சரி, நான் அடித்தது தவறு, என்னை மன்னித்துக் கொள்” என்றேன். அவன் நெளிந்தான். “அதனால என்ன சார்” என்று சொல்லி விட்டு, வரப்பைத் தாண்டிப் போன வாத்துகளைத் திருப்ப ஓடிப் போனான்.

அவன் பள்ளிக்குத் திரும்பி வந்தான் என்று சொல்லி முடித்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அவன் வரவில்லை. கிடைக்கு ஆள் வேண்டும் என்பது தந்தையின் நிலைமை. படிப்பை விடுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த முடிவை எளிதாக்கியதில் என் பிரம்புக்கும் பங்கு உண்டு என்பதை நான் அறிவேன். ‘திருவிளையாடல்’ படத்திலும் ஔவையின் பாட்டைக் கேட்டு முருகன் உடனே இறங்கி விடுவதில்லை. தாய் உமையே வந்து பல கதை சொல்ல வேண்டியிருக்கிறது. போனதால் எல்லாம் நேராகி விடும் என்று ஔவைக்கும் யாரும் உறுதி சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் ஆற்றை மீண்டும் வரைந்து, சிற்றாற்றைச் சீவலப்பேரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தேன். யார் சொன்னது சரி என்பதையும், நான் எப்படி நடந்து கொண்டேன் என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். அதன் பின் நான் பிரம்பைத் தொடவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை, “இல்லை சார்” என்று எழுந்தால், முதலில் கேட்டு விட்டுப் பிறகு பேசுவது என்று வழக்கப்படுத்திக் கொண்டேன். முதல் சில மாதங்கள் அது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் வாத்து வளர்ப்பு என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவன்தான். அலுவலகச் சுவரில் மாணவர்கள் வண்ணத்தில் தீட்டிய தாமிரபரணிப் படம் ஒன்று இருந்தது. அவன் எழுந்து அதனருகே சென்று, விரலால் சிற்றாற்றைத் தொடர்ந்து போய்ச் சீவலப்பேரியில் நிறுத்தினான். “சரியாத்தான் இருக்கு, சார்வாள்” என்றான். இருவரும் சிரித்தோம். அந்தப் பெண் எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள்.

மாணவர்களே, உங்களுக்கும் விருப்பமான நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்ற பாத்திரங்களும் இருக்கின்றன. அந்த அன்பை விட்டு விடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நானே விடவில்லை. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். முதலாவது, நடிகர் உழைப்பாளி. சுந்தராம்பாளின் குரல் வானத்திலிருந்து விழுந்ததன்று. இரயில் வண்டியிலும் நாடகக் கொட்டகையிலும் பழகிப் பழகி வந்தது. அந்த உழைப்பை மதியுங்கள். அவர் படத்துக்குப் பாலூற்றுவதால் அதற்கு மதிப்புக் கூடாது. இரண்டாவது, ஒரு பாத்திரத்திடம் அன்பு கொண்டால், அந்தப் பாத்திரம் செய்த காரியம் ஒன்றையாவது உங்கள் வாழ்நாளில் ஒருமுறை செய்து பாருங்கள். ஔவை வாழ்ந்தாளா என்பதைப் புலவர்கள் ஆராயட்டும்; அந்த ஆராய்ச்சியும் வேண்டியதே, அதையும் கற்றுக் கொள்ளுங்கள். எனக்கோ, சினந்து போன பிள்ளையைத் தேடிப் பெரியவர்தான் போக வேண்டும் என்று சொல்லித் தந்தவள் அவள். எனக்கு வாய்த்த வேறெந்த ஆசிரியரும் அதைச் செய்து காட்டி நான் பார்த்ததில்லை. ஆகவேதான் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அப்படி விடை சொன்னேன்.

அடுத்த முறை நீங்கள் சீவலப்பேரிப் பக்கம் போக நேர்ந்தால், ஆற்றங்கரையில் இறங்கி இரண்டு ஆறும் சேரும் இடத்தைப் பாருங்கள். புத்தகத்தில் படித்ததைக் கண்ணாலும் கண்டு கொள்ளலாம்.